மேற்கு ஜன்னலும் இரட்டைக் கண்ணாடியும்

"ஏம்மா, இந்த ரூம்ல அடுப்பு ஏதாச்சும் எரியுதா?"

பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் போன சித்திரையில் கேட்ட கேள்வி இது. திருப்பூர் அமராவதி நகரில் எங்கள் வீட்டுப் படுக்கையறைக்கு மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். சாயங்காலம் கட்டில்கூடச் சுடும். பிறந்து இருபது நாளான பேரனுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு! ஏ.ஸி.யை விடாமல் ஓட்டினோம். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டியது. ரேட்டும் கூடிப் போயிற்று.

"ரெட்டைக் கண்ணாடி போட்டுடலாமா?" என்றார் என் கணவர். விலையைக் கேட்டால், என் வளையல் ஒன்று போய்விடும் போலிருந்தது. மாமியார் சிரித்தார்: "ஏனம்மிணி, சன்னலைத் தொறந்துட்டா ஒரு கண்ணாடின்னா என்ன, ரெண்டு கண்ணாடின்னா என்ன?"

சிவில் இன்ஜினீயரான என் தம்பியைக் கேட்டேன். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உலர்ந்த காற்றை அடைத்து, ஓரங்களை சீல் செய்வார்களாம். வெளிச் சூடு உள்ளே கடப்பது ஏறக்குறைய பாதியாகக் குறையுமாம். ஆனால் நேராக விழும் வெயிலை சாதாரண இரட்டைக் கண்ணாடி பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். அந்த வெயில் தரையிலும் மெத்தையிலும் பட்டுச் சூடாகிவிட்டால், அப்புறம் சுலபமாக வெளியே போகாது. உள்ளே திரை போட்டாலும் பாதிப் பலன்தான். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும்.

ஹைதராபாத்தில் 2004-ல் அப்துல் கலாம் திறந்து வைத்த பசுமைக் கட்டட மையத்தில் இரட்டைக் கண்ணாடியோடு, பழங்காலத்து ஜாலிச் சுவர்களும் உண்டு என்றான் தம்பி. நிழலும் சேர்ந்தால்தான் கண்ணாடிக்கு மதிப்பு!

நாங்கள் செய்தது இதுதான். ஜன்னலுக்கு வெளியே, காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விட்டு, மூங்கில் தட்டி கட்டினோம். சட்டத்து இடுக்குகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டினோம். பனியன் வேஸ்ட்டைத் திணித்து நீளத் தலையணை தைத்து, கதவடியில் வைத்தேன். ஏ.ஸி.யை 22-லிருந்து 26-க்கு மாற்றி, சீலிங் ஃபேனை மெதுவாக விட்டோம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு. பொழுது சாய்ந்ததும் ஏ.ஸி.யை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து விடுவோம். ஒரு வாரத்தில் பேரனின் வேர்க்குரு வாடிற்று. அடுத்த ரீடிங்கும் 500-க்குள் அடங்கியது.

நாள் முழுக்க ஏ.ஸி. ஓடும் அறையா? ரோட்டுச் சத்தம் தாங்கவில்லையா? தாராளமாக இரட்டைக் கண்ணாடி போடுங்கள். ஆனால் வெயிலைத் தடுக்கும் பூச்சு உள்ளதாகவும், தொழிற்சாலையிலேயே சீல் வைத்ததாகவும் கேட்டு வாங்குங்கள். ஆசாரி வெறுமனே இரண்டு கண்ணாடி பொருத்தினால், நடுவில் தூசியும் ஈரமும் புகுந்துவிடும். துடைக்கவும் வழியில்லை!

முதலில் நிழல், அடுத்து இடுக்கு, கடைசியில் கண்ணாடி. என் வளையல் இன்னும் கையில்தான் இருக்கிறது, சகோதரிகளே!