இசையை டைப் செய்யும் சாஃப்ட்வேர்: ஒரு புதிய வசதி பிறப்பது எப்படி?

கடிதம் டைப் செய்ய வேர்டு இருக்கிறது. கணக்குப் போட எக்ஸெல் இருக்கிறது. கீபோர்டும் வயலினும் கற்பவர்கள் ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொடேஷனை டைப் செய்ய என்ன இருக்கிறது? அதற்கான இலவச சாஃப்ட்வேர்களில் ஒன்று மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ. வெர்னர் ஷ்வீர் என்ற புரோகிராமர், மியூஸ் என்ற தன்னுடைய சாஃப்ட்வேரிலிருந்து நொடேஷன் பகுதியை 2002-ல் தனியே பிரித்து இதைத் தொடங்கினார். 1.0 வெர்ஷன் 2011-லும், 4.0 வெர்ஷன் 2022 டிசம்பரிலும் வெளியாயின.

இது ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். அதாவது, இதன் புரோகிராம் வரிகளை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதனால் நமக்கு என்ன லாபம்? ஃபினாலே என்ற புகழ்பெற்ற கட்டண நொடேஷன் சாஃப்ட்வேர் சுமார் 35 ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் அதில் ஃபைல்களைச் சேர்த்தவர்கள் அவற்றை வேறு சாஃப்ட்வேருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஓப்பன் சோர்ஸில், ஒரு குழு விலகினாலும் புரோகிராம் வரிகள் இருக்கும். வேறொருவர் அதைத் தொடர முடியும்.

ஒரு சிறிய வசதி

கீபோர்டு கற்கும் பிள்ளைகளுக்காக எனக்கு ஒரு வசதி தேவைப்பட்டது. ஒவ்வொரு நோட்டின் கீழும் சி, டி, இ என்று அதன் பெயர் தானாக விழ வேண்டும். இந்த வகை பிளக்-இன்கள் ஏற்கெனவே உள்ளன. ஆனாலும் கற்றுக்கொள்வதற்காக நானே ஒன்று எழுதினேன். பிளக்-இன் என்பது முக்கிய புரோகிராமைத் தொடாமல் பக்கத்தில் சேர்க்கும் குட்டி புரோகிராம். வெப் பக்கங்களில் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் போதும், இதை எழுதிவிடலாம்.

கம்ப்யூட்டர் இசையில் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு எண் உண்டு. கீபோர்டின் நடு சி 60. அடுத்த கறுப்புக் கட்டை 61. இந்த 61-ன் பெயர் என்ன? சி ஷார்ப் என்றும் சொல்லலாம், டி ஃப்ளாட் என்றும் சொல்லலாம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். தாளில் எழுதும்போது இரண்டும் வேறு வேறு இடம். எனவே ஒலி எண்ணை மட்டும் வைத்துப் பெயர் எழுத முடியாது.

இதற்காக மியூஸ்ஸ்கோர் ஒவ்வொரு நோட்டுக்கும் டிபிசி என்ற இரண்டாவது எண்ணையும் சேமிக்கிறது. சி என்றால் 14, சி ஷார்ப் என்றால் 21, டி ஃப்ளாட் என்றால் 9. இந்த எண்ணுடன் 1 கூட்டி 7-ஆல் வகுங்கள். மீதி 0 என்றால் எஃப், 1 என்றால் சி, 2 ஜி, 3 டி, 4 ஏ, 5 இ, 6 பி. சி ஷார்ப்புக்கு 22-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, அதாவது சி. டி ஃப்ளாட்டுக்கு 10-ஐ வகுத்தால் மீதி 3, அதாவது டி. என் பிளக்-இன்னின் உயிர்நாடி இந்த ஒரு வரிக் கணக்குதான்.

நீங்களே பார்க்கலாம்

மியூஸ்ஸ்கோரில் ஒரே ஒரு நோட் எழுதி சேவ் செய்யுங்கள். அந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்து, காப்பியின் எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றித் திறங்கள். சேமித்த ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல்தான். உள்ளே எம்எஸ்சிஎக்ஸ் என்று முடியும் ஃபைலை நோட்பேடில் திறந்தால், பிட்ச், டிபிசி ஆகிய இரண்டு எண்களும் கண்ணுக்குத் தெரியும்.

முக்கிய புரோகிராமில் சேர்ப்பது

இது சற்றுக் கடினம். முக்கிய புரோகிராம் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. முதலில் கிட்ஹப் தளத்தில் வசதியைப் பற்றி விவாதிக்கிறார்கள். பிறகு ஒருவர் புரோகிராமின் பிரதியை எடுத்து, அதில் மாற்றங்களைச் செய்து, சேர்த்துக்கொள்ளும்படி அனுப்புகிறார். மற்றவர்கள் அதைப் படித்துத் திருத்தம் சொல்கிறார்கள். ஒரு நோட் நகர்ந்தாலே அடுத்த வரியும் பக்கமும் நகரக்கூடும் அல்லவா? அதனால் மாதிரி இசைப் பக்கங்களை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் படமாக எடுத்து, கம்ப்யூட்டரே ஒப்பிட்டுப் பார்க்கிறது. எல்லாம் சரியாக இருந்தால்தான் புதிய வசதி உள்ளே போகும்.

புரோகிராமிங் தெரியாதவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. சோதனை வெர்ஷனை இயக்கிப் பாருங்கள். பிழை வந்தால், எந்த பட்டனை அழுத்திய பிறகு வந்தது என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள். மெனுக்களை மொழிபெயர்க்கவும் செய்யலாம்.

டவுன்லோட் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாஃப்ட்வேர் கிடைப்பது டாட் ஆர்க் தளத்தில். டாட் காம் தளம் இசைப் பிரதிகளைப் பகிர்வதற்கானது. அங்கே சில வசதிகளுக்குச் சந்தா கேட்பார்கள். கடைசியாக ஒரு யோசனை: முக்கியமான இசைப் பிரதிகளை எக்ஸ்போர்ட் மெனுவில் மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவிலும் சேமித்து வையுங்கள். பெரும்பாலான நொடேஷன் சாஃப்ட்வேர்கள் அதைத் திறக்கும்.