அணைத்த இயந்திரத்திலும் ஷாக் அடிக்கலாம்

தொழிற்சாலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் பல்லாண்டு வேலை பார்த்த மூத்தோர் பலர் இன்னமும் பராமரிப்பு வேலையில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களையும் அக்கம்பக்கத்தார் விடுவதில்லை. "அண்ணே, மைக்ரோவேவ் சூடாகவே இல்லை, கொஞ்சம் திறந்து பாருங்களேன்" என்று கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு மறுக்க மனம் வராது.

இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பத்தாருக்காகவும் எழுதப்பட்டது. ஒயரைத் தொடக்கூடாது, ஈரக்கையோடு சுவிட்சைப் போடக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அனுபவசாலிகளையும் ஏமாற்றும் ஆபத்து வேறொன்று இருக்கிறது. அது சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகு இயந்திரத்துக்குள் மிஞ்சியிருக்கும் மின்சாரம்.

அது எங்கே தங்குகிறது?

மின்னணுக் கருவிகளில் கெப்பாசிட்டர் என்ற பாகம் உண்டு. பழைய ஆட்கள் அதைக் கண்டென்சர் என்பார்கள். தண்ணீர்த் தொட்டி நீரைச் சேர்ப்பதுபோல் அது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிறது. குழாயை மூடினால் தொட்டி காலியாகிவிடுமா? அதேபோல்தான் இதுவும்.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 'டிரைவ்' பெட்டியை எடுத்துக்கொள்வோம். சிலர் அதை இன்வெர்ட்டர் என்பார்கள். தண்ணீர் பம்ப், கன்வேயர், பெரிய குளிர்சாதன விசிறி, மின்தூக்கி எனப் பலவற்றிலும் அது இருக்கிறது. சிங்கப்பூரில் மூன்று ஃபேஸ் மின்சாரம் 400 வோல்ட். டிரைவ் அதை டிசி மின்சாரமாக மாற்றி கெப்பாசிட்டர்களில் சேர்க்கும்போது அது ஏறக்குறைய 560 வோல்ட் ஆகிறது. மெயின் சுவிட்சை இறக்கியதும் திரை இருண்டுவிடும், விசிறி நின்றுவிடும். பார்ப்பதற்கு இயந்திரம் செத்துப்போனது போலிருக்கும். ஆனால் அந்தக் கணத்தில் உள்ளே அநேகமாக முழு 560 வோல்ட்டும் இருக்கும்.

அதனால்தான் பல டிரைவ்களின் மூடியில், மின்சாரத்தைத் துண்டித்த பின் 5 நிமிடம், 10 நிமிடம் அல்லது 15 நிமிடம் காத்திருக்கும்படி எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. எழுத்து சிறியது. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

காத்திருந்தால் போதுமா? போதாது. சேர்ந்த மின்சாரத்தை மெல்ல வடியவிடுவதற்கென்று உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஆனால் நாம் திறந்து பார்ப்பது பழுதான இயந்திரத்தை. பழுதானது அந்த ரெசிஸ்டராகவே இருந்தால் 15 நிமிடம் கழித்தும் மின்சாரம் வடிந்திருக்காது. சார்ஜ் விளக்கு அணைந்துவிட்டதே என்றும் நம்ப வேண்டாம், அந்த விளக்கும் கெட்டுப்போயிருக்கலாம்.

ஆர்சிசிபி காப்பாற்றாதா?

வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி பல உயிர்களைக் காத்த கருவி. 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட சில வீடுகளில் அது இல்லாமல் இருந்தது. இப்போது சிங்கப்பூரில் எல்லா வீடுகளிலும் அது இருக்கவேண்டும் என்பது சட்டம். பொருத்துவதற்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. உங்கள் வீட்டில் இன்னும் இல்லையென்றால், உரிமம் பெற்ற மின் ஊழியரை அழைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று ஆர்சிசிபி ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லிஆம்பியர் அளவு வேறு வழியில் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய கருவிக்கும் மின்பெட்டிக்கும் தொடர்பே இல்லை. கெப்பாசிட்டரில் மிஞ்சிய மின்சாரம் உங்கள் கைவழியே பாய்ந்தால் ஆர்சிசிபிக்கு அது தெரியவே தெரியாது.

மைக்ரோவேவ் அடுப்பை வீட்டில் திறக்கவேண்டாம் என்று நாங்கள் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். அதன் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கும் மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். அக்கம்பக்கத்தார் எவ்வளவு கெஞ்சினாலும் இதை மட்டும் மறுத்துவிடுங்கள்.

வேலையிடத்தில் திறக்கவேண்டியிருந்தால்

பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள் மட்டுமே திறக்கலாம். அவர்களும் முதலில் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். சாவி அவரவர் சட்டைப்பையில் இருக்கவேண்டும். மேற்பார்வையாளர் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வேறு ஒருவர் சுவிட்சைப் போடுவது பழைய காலத்துக் கதையல்ல, இன்றும் நடக்கக்கூடியது.

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி, கையில் கட்டிய காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாத பெண் ஊழியர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவதே நல்லது. சட்டைக்குள் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்கவேண்டாம்.

காத்திருக்கவேண்டிய நேரம் முடிந்ததும் மீட்டரால் அளந்து பாருங்கள். மூத்த தொழிலாளர்கள் சிலர் டெஸ்ட் பென்னைத்தான் இன்னும் நம்புகிறார்கள். கெப்பாசிட்டரில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அதை நம்பமுடியாது. மல்டிமீட்டரிலும் ஒரு சங்கடம் உண்டு. அது ஏசியில் வைக்கப்பட்டிருந்தால், 560 வோல்ட் டிசி இருக்கும் இடத்திலும் பூஜ்யம் காட்டக்கூடும். டிசிக்கு மாற்றி, அந்த வோல்ட் அளவுக்கு ஏற்ற மீட்டரைக்கொண்டு அளவிடுங்கள். அளப்பதற்கு முன் மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் மீட்டரைச் சோதியுங்கள், அளந்த பிறகு மறுபடியும் அங்கே சோதியுங்கள். இடையில் மீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தால் அதுவும் பூஜ்யம்தான் காட்டும்.

மின்சாரம் மிஞ்சியிருந்தால் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து வெடிக்கவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கும். அதற்கென்று உள்ள ரெசிஸ்டர் பொருத்திய கருவியால், கையுறையும் கண் பாதுகாப்பும் அணிந்து வடியவிட வேண்டும். தனியாக இந்த வேலையைச் செய்யக்கூடாது. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அருகில் இருக்கவேண்டும்.

வயதானவர்களுக்கு இன்னும் என்ன?

மின்சாரம் ஒரு கையில் ஏறி மறுகை வழியே வெளியேறினால் அது நெஞ்சைக் கடக்கிறது. இதயத் துடிப்பைச் சீராக்கும் ஏஇடி கருவிக்குள்ளும் ஒரு கெப்பாசிட்டர்தான் இருக்கிறது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அது மீட்கிறது. நடுத்தர அளவு டிரைவ் ஒன்றில் அதற்குக் குறையாத சக்தி தங்கியிருக்கலாம். ஒழுங்காகத் துடிக்கும் இதயத்தில் அது தவறான கணத்தில் பாய்ந்தால் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

சின்ன ஷாக்காக இருந்தாலும் உடல் தூக்கிப்போடும். ஏணியில் நிற்பவர் விழுவார். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே ரத்தம் கசியலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குனிந்து நிமிரும்போது தலைசுற்றல் வரக்கூடும், அன்று பெட்டியைத் திறக்காதீர்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வெல்டிங் இயந்திரம், பெரிய மோட்டார் ஆகியவற்றின் அருகே வேலை செய்வதற்கு முன் இதய மருத்துவரிடம் கேட்கவேண்டும். வேலையின் பெயரை மட்டும் சொல்லாமல் என்ன இயந்திரம், எவ்வளவு நெருக்கத்தில் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

ஷாக் அடித்துவிட்டால்

அடிபட்டவரை உடனே தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். மூச்சோ அசைவோ இல்லையென்றால் 995ஐ அழையுங்கள். கைப்பேசியை ஸ்பீக்கரில் போடுங்கள், எதிர்முனையில் இருப்பவர் சிபிஆர் செய்யும் முறையைச் சொல்லித் தருவார். நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை பலமாக அழுத்தவேண்டும். இன்னொருவரை ஏஇடி எடுத்துவர அனுப்புங்கள். பல வீவக புளோக்குகளில் அது கீழ்த்தள மின்தூக்கிக்கு அருகே மாட்டப்பட்டிருக்கிறது. உங்கள் புளோக்கில் எங்கே இருக்கிறது என்று இன்று மாலை நடக்கப் போகும்போதே பார்த்து வையுங்கள்.

தீக்காயத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மஞ்சளும் பற்பசையும் தடவவேண்டாம்.

எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொல்பவர்களையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். மின்சாரம் தோலில் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே தசையைச் சுட்டிருக்கும். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், கை மரத்துப்போதல், சிறுநீர் கறுத்துப்போதல் இவற்றில் ஏதாவது இருந்தால் மருந்தகத்துக்குப் போகாமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். எந்த இயந்திரம், எத்தனை வோல்ட், எந்தக் கையில் அடித்தது, விழுந்தாரா என்ற விவரங்களைச் சொல்லுங்கள். தினமும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.