ஊரே சொல்லுது, ஜட்ஜ் ஏன் விட்டார்?

நீதிமன்ற வாசலில் - 9

திங்கட்கிழமைகளில் சூலக்கரைப் பக்கம் உள்ள விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும். மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிதண்ணீர், பாதைத் தகராறு என்று ஆளுக்கொரு மனு. மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘கோர்ட்டில் எங்களுக்குப் பாதகமாகத் தீர்ப்பாகிவிட்டது, கலெக்டர் ஐயா தலையிட்டு மாற்றித்தர வேண்டும்’ என்று எழுதச் சொல்லி வருபவர்களும் உண்டு.

கலெக்டரால் அது முடியாது. அமைச்சராலும் முடியாது. வெள்ளைக்காரர் ஆட்சியில் வரி வாங்கிய கையே குற்ற வழக்கையும் விசாரித்தது. ஜில்லா கலெக்டர்தான் ஜில்லா மாஜிஸ்திரேட். அந்த நினைப்பு மூன்று தலைமுறை தாண்டியும் நம் மக்கள் மனதில் தங்கியிருக்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவு நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நாடு முழுவதும் அந்தப் பிரிவினையை உறுதி செய்தது. இன்று நம் மாவட்டத்தில் ஆட்சியர் அலுவலகம் சூலக்கரைப் பக்கம் என்றால், முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனை தவறு என்று நினைத்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். அங்கே செஷன்ஸ் நீதிபதி கொடுத்த தீர்ப்பு தவறென்றால் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை அங்கே வந்த பிறகு சென்னை வரை அலைய வேண்டியதில்லை.

இது வழி தெரியாமல் வரும் குழப்பம். சொல்லிக் கொடுத்தால் தீர்ந்துவிடும். இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் அது உண்டு. அதுதான் இந்த வாரம் நான் பேச வந்தது.

‘அண்ணாச்சி, ஊருக்கே தெரியும் அவன்தான் செஞ்சான்னு. போலீஸ்ல அவனே ஒத்துக்கிட்டதாப் பேப்பர்லயும் வந்துச்சு. ஜட்ஜய்யா எப்படி விட்டார்? காசு விளையாடியிருக்கும்.’ டீக்கடையில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது.

காசு விளையாடவே விளையாடாது என்று நான் சொல்லவில்லை. நீதிபதிகளும் மனிதர்கள்தான். அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பும் முன் மூன்று விஷயங்கள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் குற்றத்துக்கு ஆதாரமாகாது. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. அடிக்கு பயந்து யாரும் எதையும் ஒப்புக்கொள்ளக்கூடும் என்பதால் வைத்த காவல் அது. அவர் சொன்னதைக் கொண்டு ஒரு கத்தியோ திருட்டு நகையோ கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் சேரும். ஆகவே ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று பத்திரிகையில் வரும் வரி நீதிபதியின் மேஜையில் ஏறுவதே இல்லை.

இரண்டு, ஊருக்குத் தெரியும் என்பது சாட்சியம் ஆகாது. கண்ணால் கண்டவர் கூண்டேறி, சத்தியப் பிரமாணம் எடுத்து, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையைத் தாங்கிச் சொன்னால்தான் சாட்சியம். நியாயமான சந்தேகம் மிச்சமிருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும்.

மூன்று, விடுதலை என்பது ‘இவர் உத்தமர்’ என்ற சான்றிதழ் அல்ல. ‘இவர்தான் செய்தார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை’ என்பதே பெரும்பாலான விடுதலைத் தீர்ப்புகளின் பொருள்.

நம் பகுதியில் இதை வெடிவிபத்து வழக்குகளில் பார்க்கலாம். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்ததையும், அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்ததையும் மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. விபத்து நடந்த அன்று சனம் கேட்பது, ஓனரைத் தூக்கில் போட வேண்டாமா என்று. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வழக்கு நீதிமன்றம் வரும்போது கேள்விகள் நுணுக்கமாகிவிடும். மருந்து செலுத்தும்போது உராய்ந்ததா, கலவை அறையில் பிடித்ததா? உரிமத்தில் அனுமதித்ததற்கு மேல் அந்த அறையில் ஆட்கள் இருந்தார்களா? ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததா? அந்த அஜாக்கிரதை யாருடையது: உரிமம் வைத்திருப்பவருடையதா, குத்தகைக்காரருடையதா, போர்மேனுடையதா? மகஜர் எப்போது எழுதப்பட்டது, கையெழுத்துப் போட்டவர் அந்த இடத்தில் நின்றவர்தானா? போலீஸ் விசாரணையில் ‘செட்டுக்குள் அத்தனை பேர் இருந்தோம்’ என்று சொன்ன தொழிலாளி, ஐந்தாறு வருஷம் கழித்துக் கூண்டில் ஏறி, ‘அன்னைக்கு நான் வேலைக்கே போகல’ என்று சொல்லிவிட்டால்? அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிப்பார்கள். நீதிபதி சாட்சியிடம் நேரடியாக எந்தக் கேள்வியும் கேட்கலாம். ‘ஜட்ஜ் வாய் திறக்கக் கூடாது’ என்பது தப்பு. புதிய சட்டத்தின் 168ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. கேட்டும் பதில் வரவில்லை என்றால், இல்லாத சாட்சியத்தை அவர் உண்டாக்க முடியாது.

‘அப்படியானால் அமெரிக்கா மாதிரி ஜூரி வைக்கலாமே, பன்னிரண்டு பேர் உட்கார்ந்து நியாயம் சொல்லட்டுமே’ என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் நாட்டில் ஜூரி இருந்ததே இல்லை என்று நினைத்துக் கேட்கிறார்கள். இருந்தது. 1898ஆம் ஆண்டின் சட்டப்படி செஷன்ஸ் வழக்குகள் ஒன்று ஜூரியோடு நடக்கும், இல்லையென்றால் அசெசர்கள் என்ற ஊர்ப் பெரியவர்களின் துணையோடு நடக்கும். அசெசர்களின் கருத்துக்கு நீதிபதி கட்டுப்பட்டவர் அல்ல. அந்த முறையை 1955இல் எடுத்தார்கள்.

தமிழ்நாடே வாய் பிளந்து பார்த்த ஜூரி வழக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. ‘இந்துநேசன்’ என்ற மஞ்சள் பத்திரிகையை நடத்திய சி. என். லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அந்தத் தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்க, கதாநாயகன் சிறைக்குள் இருந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரிகள் முன் விசாரணை. ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். உயர் நீதிமன்ற ஜூரியில் ஆறு பேர் ஒத்துப்போய், நீதிபதியும் ஏற்றால் போதும் என்பது அன்றைய சட்டம். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை.

ஏன் குற்றவாளி என்று அந்த ஆறு பேர் ஒரு வரி எழுத வேண்டியதில்லை. எந்தச் சாட்சியை நம்பினார்கள், அப்ரூவராக மாறியவர் சொன்னதை எப்படி எடைபோட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தலையிடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கும்படி அனுப்பிவைத்த பிறகுதான் இரண்டு நீதிபதிகள் சாட்சியங்களை அலசினார்கள். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேல் சிறை. என். எஸ். கே. மீண்டு வந்து நடித்தார். பாகவதரின் பழைய உச்சம் திரும்பவே இல்லை.

அடுத்தது பம்பாயின் நானாவதி வழக்கு. மனைவியோடு உறவு வைத்திருந்தவரை 1959 ஏப்ரலில் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி கே. எம். நானாவதி மீது ஊரெல்லாம் அனுதாபம். ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றமற்றவர் என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை கிடைத்தது. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்த வழக்கால்தான் ஜூரி முறை ஒழிந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. வழக்கு நடக்கும் முன்பே, 1958இல், சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் ஜூரி வேண்டாம் என்று பரிந்துரைத்துவிட்டது. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லாமல் போனது.

கடல் தாண்டிப் பாருங்கள். இலங்கையில் ஜூரி இன்னும் உண்டு. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து வருஷம் கழித்து, 2016 டிசம்பரில், சிங்களம் பேசும் ஜூரி குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரையும் விடுவித்தது. அந்தக் குடும்பம் ‘ஏன்?’ என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஜூரி எழுதிய காரணம் என்று ஒரு தாள்கூட இல்லை.

நம் நீதிபதி அப்படி எழுந்து போய்விட முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 393ஆவது பிரிவு, தீர்வு காண வேண்டிய பிரச்சினை எது, முடிவு என்ன, அந்த முடிவுக்குக் காரணம் என்ன என்று மூன்றையும் தீர்ப்பில் எழுதியாக வேண்டும் என்கிறது. கறுப்பு அங்கிக்கும் உயர்ந்த நாற்காலிக்கும் நாம் வாங்கியிருக்கும் ஈடு அந்தக் காரணம்தான். காரணம் எழுதப்பட்டிருப்பதால்தான் அதில் தவறு காண முடிகிறது. தவறு கண்டால் மேல் நீதிமன்றத்தில் காட்ட முடிகிறது. தூக்குத் தண்டனை என்றால் கேட்கவே வேண்டாம். யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அது நிறைவேறாது.

காரணத்தைப் படிக்காமல் பேசியதால் நம் பகுதி பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ‘டெல்லி ஜட்ஜுக்குப் பட்டாசு பிடிக்காது, தடை போட்டுட்டார்’ என்று 2018இல் சிவகாசி முழுக்கப் பேச்சு. வழக்குப் போட்டது 2015இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர். 2018 அக்டோபர் 23 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நாடு தழுவிய முழுத் தடை கேட்டதை ஏற்கவில்லை. சுவாசிக்கும் உரிமையையும் தொழில் செய்யும் உரிமையையும் இரண்டு பக்கமும் வைத்துப் பேசியது. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் ஆன்லைன் விற்பனைக்கும் தடை விதித்தது. பசுமைப் பட்டாசுக்கு வழிவிட்டது. அந்தத் தடைகள் சிறியவை அல்ல. சரம் பின்னிப் பிழைத்த பெண்களின் கூலி போனது. பேரியம் இல்லாமல் மத்தாப்பும் புஸ்வாணமும் செய்ய வழி தெரியாமல் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த வலியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே தீர்ப்பில் ஒரு சிறு விஷயம் நடந்தது. தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 மணி வரை வெடிக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. நமக்குத் தீபாவளி விடிகாலை எண்ணெய்க் குளியலோடு தொடங்குகிறது என்று தமிழ்நாடு அரசு காரணம் காட்டிக் கேட்டது. ஒரு வாரத்துக்குள் உத்தரவு திருத்தப்பட்டது: மொத்தம் இரண்டு மணி நேரம், எந்த நேரம் என்பதை மாநிலமே முடிவு செய்யலாம். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது. தீர்ப்பைப் படித்து, இன்ன இடத்தில் இடிக்கிறது என்று காட்டியவருக்குக் கதவு திறந்தது. ‘ஜட்ஜ் நமக்கு எதிரி’ என்று சபித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கதவு கண்ணில் படவில்லை.

சினிமா சொல்லிக் கொடுத்த சில்லறைத் தப்புகளையும் திருத்திவிடுவோம். நம் நீதிபதிகள் சுத்தியலால் தட்டி ‘ஆர்டர், ஆர்டர்’ சொல்வதில்லை. சாட்சி பகவத் கீதை மேல் கைவைக்க வேண்டியதில்லை. கடவுள் பெயரால் பிரமாணம் எடுக்கலாம், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் மனசாட்சிப்படி உறுதிமொழி சொல்லலாம். ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம் என்பதும் தவறு. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. கொலை போன்ற பெரிய குற்றங்களில் அரசு தண்டனைக் குறைப்புக் கொடுக்க நினைத்தாலும் 14 வருஷமாவது உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பதே சட்டம்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வழக்கில் பாதிக்கப்பட்டவர் நீங்கள் என்றால், தீர்ப்பன்று ‘விட்டுட்டாங்க’ என்ற ஒரு வார்த்தையோடு வீடு திரும்பாதீர்கள். தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுங்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுத நம் சட்டத்தில் இடமிருக்கிறது. முதல் பக்கத்தில் குற்றச்சாட்டு இருக்கும். நடுவில் ஒவ்வொரு சாட்சியும் சொன்னது இருக்கும். கடைசியில் சாட்சிகள், ஆவணங்கள், பொருட்களின் பட்டியல் இருக்கும். எந்தப் பத்தியில் வழக்கு உடைந்தது என்று தேடுங்கள். தடயவியல் அறிக்கை வரவில்லை என்று எழுதியிருந்தால் கேள்வி போலீசுக்கு. சாட்சி பிறழ்ந்ததால் என்றால், அவரைப் பிறழ வைத்தது எது என்று ஊர்தான் யோசிக்க வேண்டும். சாட்சியம் இருந்தும் நீதிபதி தவறாகப் புரிந்துகொண்டார் என்று தோன்றினால், விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 முதல் பாதிக்கப்பட்டவருக்கே உண்டு. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்திக் கொடுக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

நீதிபதியைக் கேள்வி கேட்கவே கூடாது என்பவன் அல்ல நான். கேட்க வேண்டும், பலமாகக் கேட்க வேண்டும். அவர் எழுதிய காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அந்த அமைப்புக்கு வந்துவிடும்.

அடுத்த வாரம்: சாட்சிகள் ஏன் பிறழ்கிறார்கள், சட்டம் அவர்களுக்கு என்ன பாதுகாப்புத் தருகிறது?

(தொடரும்)