ஒரே கோர், இரண்டு போர்கள்... 'மைக்ரோமேனேஜ்மென்ட்' ராணுவத்தை என்ன செய்யும்? நிறுவனங்களுக்கு என்ன பாடம்?

"அந்த மெயிலை அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுங்க", "எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டு செய்ங்க". அலுவலகத்தில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. அங்கே இது எரிச்சலோடு போய்விடும். போர்க்களத்தில் அப்படியல்ல. இந்திய ராணுவத்தின் 4-வது கோர் இதன் இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறது.

1962: டெல்லியில் இருந்து வந்த உத்தரவு

1962 அக்டோபரில் புதிதாக உருவான 4-வது கோரின் தளபதியாக லெப்டினன்ட் ஜெனரல் பி.எம்.கவுல் நியமிக்கப்பட்டார். அதற்கு முன் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த உம்ராவ் சிங், டெல்லி சொன்ன திட்டம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொன்னவர். அந்தப் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டது.

கவுல் நேராக சீன எல்லையை ஒட்டிய நம்கா சூ ஆற்றங்கரைக்கே போனார். டிவிஷன் தளபதியும், பிரிகேட் தளபதியும் அங்கே இருக்கும்போதே, எந்தப் படை எங்கே நகர வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். போதிய குளிர் உடையும் குண்டுகளும் இல்லை. இந்த இடத்தில் நிற்க முடியாது என்று பிரிகேட் தளபதி ஜான் தால்வி எடுத்துச் சொன்னதும் எடுபடவில்லை. பின்னர் உடல்நலம் குன்றி டெல்லி திரும்பிய கவுல், படுக்கையில் இருந்தபடியே உத்தரவுகளைத் தொடர்ந்தார். அக்டோபர் 20-ல் சீனா தாக்கியது. அன்றே பிரிகேட் சிதறியது. தால்வி போர்க்கைதியானார்.

களத்தில் இருப்பவருக்குத் தெரிந்த உண்மை, முடிவெடுப்பவரின் காதில் ஏறவில்லை. மைக்ரோமேனேஜ்மென்ட்டின் பெரிய சேதம் இதுதான். நேர விரயம் எல்லாம் அப்புறம்.

1971: மேக்னாவைத் தாண்டிய முடிவு

ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே 4-வது கோருக்குத் தளபதி சகத் சிங். மேக்னா ஆற்றின் கிழக்குக் கரை வரை பிடிப்பதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. பின்வாங்கிய பாகிஸ்தான் படை ஆசுகஞ்ச் பாலத்தைத் தகர்த்துவிட்டது. மறுகரையில் பாதுகாப்பு பலமாக இல்லை என்று கணித்த சகத் சிங், டிசம்பர் 9-ல் எம்.ஐ-4 ஹெலிகாப்டர்களில் வீரர்களை ஆற்றின் மேலாகவே இறக்கினார். டாக்காவுக்கு வழி திறந்தது. ஒரு வாரத்தில், டிசம்பர் 16-ல், பாகிஸ்தான் படை சரணடைந்தது.

1971-ல் தயாராக மாதக்கணக்கில் நேரம் இருந்தது, வான் பலமும் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுதந்திரம் மட்டுமே வெற்றி தரவில்லை. ஆனால் அது இல்லாமல் அந்த ஹெலிகாப்டர்கள் கிளம்பியிருக்காது.

அலுவலகத்தில் எப்படி?

ராணுவங்கள் இதை 'மிஷன் கமாண்ட்' என்கின்றன. இதன் வேர் 19-ம் நூற்றாண்டு பிரஷ்யப் படையில் இருக்கிறது. என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்பதைத் தளபதி சொல்வார். எப்படி என்பது களத்தில் இருப்பவர் பாடு. "இந்த மாதம் பழைய வாடிக்கையாளர்கள் நம்மை விட்டுப் போகக் கூடாது, தள்ளுபடி இந்த அளவுக்கு மேல் வேண்டாம்" என்று கிளை மேலாளரிடம் சொல்லிவிட்டால், ஒவ்வொரு போன் அழைப்புக்கும் அவர் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தினமும் கேட்டுப் பழகியவரோ, பாஸ் லீவில் இருக்கும் நாளில் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

இதற்காக மேலாளர் கேபினிலேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்றில்லை. சகத் சிங்கும் ஹெலிகாப்டரில் முன்களத்துக்கு அடிக்கடி பறந்தவர்தான். கவுலும் நம்கா சூவுக்கு நேரில் போனவர்தான். ஒருவர் போய்ப் பார்த்துவிட்டுத் திட்டத்தை மாற்றினார். இன்னொருவர், கொண்டுபோன திட்டத்துக்கு ஏற்ப ஆட்களை நகர்த்தினார்.