திருகோணமலை ஒலிபரப்பிகளும் உதிரி உறுப்புகளும்

இலங்கையின் வானொலி வரலாறு பழைய உறுப்புகளிலிருந்தே தொடங்கியது. 1923ஆம் ஆண்டு கொழும்பில், தந்தித் துறைப் பொறியியலாளரான எட்வர்ட் ஹார்ப்பர் முதற் பரிசோதனை ஒலிபரப்பை நிகழ்த்தினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனங்களைக் கொண்டே அதற்குரிய கருவி ஆக்கப்பட்டது என்பர். ஒருவர் கழித்ததை மற்றொருவர் பேணும் அம்மரபு, பிற்காலத்தில் திருகோணமலையில் வேறு வடிவத்திற் தொடர்ந்தது.

ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே நிறுவனம், ஆசிய நாடுகளுக்கான தன் நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்யும் பொருட்டு 1984இல் திருகோணமலையில் ஒரு நிலையத்தை நிறுவியது. 250 கிலோவாட் ஆற்றலுடைய மூன்று சிற்றலை ஒலிபரப்பிகளும், 400 கிலோவாட் ஆற்றலுடைய ஒரு மத்திய அலை ஒலிபரப்பியும் அங்கு இயங்கின. 2013இல் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பெரிய நாடுகள் சிற்றலையைக் கைவிட்டு இணையத்தை நாடிய காலம் அது. ஆகவே கருவிகளோடு, அவற்றுக்கு உறுப்புத் தேடும் பொறுப்பும் சேர்ந்தே கைமாறியது.

இத்தகைய ஒலிபரப்பியின் உயிர்நிலை அதன் இறுதி வால்வு. அதனுள்ளே தோரியம் கலந்த டங்ஸ்டன் இழை வெண்சூடேறி மின்னணுக்களை வெளிவிடுகிறது. இழையின் மேற்பரப்பிலுள்ள கரிமப் படலம் வெப்பத்தால் நாளடைவிற் கரைகிறது. அது தீர்ந்தால் வால்வின் வாழ்வும் தீர்ந்தது. 10,000 மணி நேரம் உழைக்கும் வால்வை நாள்தோறும் 16 மணி நேரம் இயக்கினால், இரண்டாண்டு நிறையுமுன்னரே புதியது வேண்டும். ஆயினும் சிக்கனத்துக்கு வழியுண்டு. இழைக்குச் செலுத்தும் மின்னழுத்தத்தை நூற்றுக்கு மூன்று பங்கு குறைத்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வால்வு செய்வோர் தரும் கணக்கு. அளவு மீறிக் குறைத்தாலோ இழையின் ஆற்றலே கெட்டுவிடும்.

உதிரி வால்வை வாங்கிப் பூட்டிவைத்தலும் போதாது. பயன்படாதிருக்கும் வால்வினுள் நுண்ணளவு வாயு சேர்ந்து வெற்றிடம் பழுதுபடும். உயர் மின்னழுத்தம் ஏற்றியதும் உள்ளே பொறி பாய்ந்து வால்வு அழியக்கூடும். எனவே கையிருப்பு வால்வுகளையும் முறைவைத்து எடுத்து, இழையைச் சூடேற்றி வைத்தல் வேண்டும்.

திருகோணமலைக்கே உரிய இடர் உப்புக் காற்று. வடகீழ்ப் பருவக் காற்றின்போது கடலிலிருந்து வரும் ஈரம், வானலைக் கம்பிகளைத் தாங்கும் பீங்கான் காப்பிகளில் உப்பாய்ப் படிகிறது. அவற்றைக் கழுவாது விட்டால் மின்சாரம் அவ்வுப்பின் வழியே பாய்ந்துவிடும். சிற்றலை ஒலிபரப்பியில் அலைவரிசையை மாற்றுந்தோறும் சுருள்களும் வெற்றிட மின்தேக்கிகளும் நகர்வதால், அவற்றின் தொடுமுனைகளும் தேய்கின்றன. இத்தொடுமுனைகளைத் திறமையுள்ள பட்டறையிற் செய்துகொள்ளலாம்; வால்வைச் செய்தல் இயலாது.

அதனை எங்கே பெறுவது? மூடப்படும் நிலையங்களே ஒரு வழி. டொய்ச்ச வெல்லேயின் அஞ்சல் நிலையங்களுள் போர்ச்சுக்கலின் சீனிஷ் 2011இலும், ருவாண்டாவின் கிகாலி 2015இலும் மூடப்பட்டன. கழற்றப்படும் ஒலிபரப்பி, அதே வகையைச் சேர்ந்த மற்றொன்றுக்கு உறுப்புக் களஞ்சியமாகும். ஆனால் அக்களஞ்சியம் எடுக்க எடுக்கக் குறைவது. தேய்ந்த வால்வைத் திறந்து, புதிய இழை பொருத்தி, மீண்டும் வெற்றிடமாக்குவது மற்றொரு வழி. அக்கலை அறிந்த பட்டறைகள் உலகில் மிகச் சிலவே.

மின்கம்பிகளும் தொலைபேசிக் கோபுரங்களும் புயலில் வீழ்ந்தபோதும், தொலைவிலிருந்து வரும் மத்திய அலையைச் சிறு மின்கலத்தால் இயங்கும் பெட்டி பற்றிக்கொள்ளும். அந்தப் பயன் ஒன்றுக்காகவேனும் பழைய ஒலிபரப்பியைப் பேணுதல் தகும். அதற்கு உறுப்புகள் மட்டும் போதா. எந்த வால்வு எத்தனை மணி உழைத்தது, எந்தத் தொடுமுனை எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவேடும், ஓய்வுபெறும் தொழினுட்பவியலாளர் இளையோருக்குக் கையளிக்கும் அனுபவமும் வேண்டும். அவையின்றேல், களஞ்சியத்தில் உறுப்பிருந்தும் ஒலி எழாது.