எருமையோடு தண்ணீரில் இறங்குகிறீர்களா?

குதிரையோடு நீந்துவோரைக் கிழக்கிலங்கையின் வாகரைப் பக்கம் காண்பதரிது. எருமையோடு இறங்குவோர் ஏராளம். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. வெயில் ஏறினால் அது குளத்தையோ வெருகலாற்றையோ தேடிப் போகும். பட்டியைத் தேய்த்துக் குளிப்பாட்டவோ மறுகரை சேர்க்கவோ பட்டிக்காரரும் கூடவே இறங்கவேண்டியதுதான்.

எங்கே நிற்பது?

குதிரையோ எருமையோ, நீந்தும்போது அதன் தோளுக்கு நேரே, ஒரு கை தூரம் தள்ளி இருப்பதே நல்லது. முன்னால் போனால் முன்னங்கால் அடிக்கும், பின்னால் போனால் பின்னங்கால் உதைக்கும். பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொண்டால் அதன் தலை தாழ்ந்து மூக்கில் தண்ணீர் ஏறும். பிறகு அது மிரளும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. தண்ணீரில் அது வேண்டாம். விலங்கு திரும்பினால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆழத்தைவிடக் கரையோரம்தான் ஏமாற்றும். கால் தரையில் பட்டதும் விலங்கு ஒரே உந்தலில் எழும்பும். அந்த நேரத்தில் ஒட்டி நிற்பவர் மிதிபடுவார்.

முதலை, இருட்டு, தனிமை

இலங்கையில் நன்னீரில் ஓரினமும் உவர்நீரில் இன்னோரினமுமாக முதலைகள் வாழ்கின்றன. அதனால் இருட்டுப்படும் நேரத்தில் இறங்காதீர்கள். தனியாகவும் இறங்காதீர்கள், கரையில் ஒருவர் நிற்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

எலிக்காய்ச்சலை எலி மட்டுமே பரப்புவதில்லை. மாடு, எருமை ஆகியவற்றின் சிறுநீரிலும் கிருமி வெளியேறும். காலில் உள்ள சிறு காயம், கண், மூக்கு, வாய் வழியாக அது உடலுக்குள் புகும். களப்பின் உப்பு நீரில் இந்தக் கிருமி அதிகம் தாக்குப்பிடிப்பதில்லை; குளம், வாய்க்கால், வயல் சேறு போன்ற நன்னீரில்தான் நெடுநாள் உயிர்வாழும். 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் இறந்தனர்.

காயத்தை நீர் புகாதபடி கட்டிக்கொண்டு இறங்குங்கள்; புண் பெரிதாக இருந்தால் அன்றைக்கு வேறொருவர் இறங்கட்டும். வெளியே வந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். வயலிலும் சேற்றிலும் வேலை செய்வோருக்குத் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் உண்டு. தாமாக வாங்கி விழுங்காமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

கிருமி புகுந்தபின் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு தோன்றும். சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். வெறும் பனடோலோடு காத்திருக்க வேண்டாம். மாட்டோடு தண்ணீரில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அவசரமென்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.