தமிழ் நூற்பட்டியல் தரவுத்தளங்களில் பிறவற்றுக்கு அடிப்படையான செயற்கூறுகளைப் புதுப்பித்தல்

ஒருங்குறியில் ‘கோ’ என்னும் எழுத்தை இரு வகையாகச் சேமிக்க இயலும். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒருவகை. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் வேறுபாடு தெரியாது. தரவுத்தளத்திற்கோ அவை வெவ்வேறு எழுத்துத்தொடர்கள். ஆகவே நூற்பட்டியலில், தலைப்புகளைச் சீராக்கும் செயற்கூறு ஒன்றை அமைத்து, தேடல், அகரவரிசை முதலியவற்றை அதன்மேல் எழுப்புவர். அவ்வடிப்படைச் செயற்கூற்றை மாற்றுகையில் நிகழ்வனவற்றைப் போஸ்ட்கிரெஸ் மென்பொருளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

உள்ளீட்டு வகைகளும் விளைவின் வகையும் மாறாதிருப்பின் ‘கிரியேட் ஆர் ரிப்ளேஸ்’ கட்டளை போதும். செயற்கூற்றின் அடையாளம் நிலைத்திருப்பதால், அதைச் சார்ந்த காட்சிகளும் தூண்டிகளும் குலையா. புதிய உள்ளீடு ஒன்றைச் சேர்த்தால், அதே பெயரில் இரண்டாம் செயற்கூறு உருவாகும். பழைய அழைப்புகள் பழையதையே நாடும். விளைவின் வகையை மாற்றவேண்டுமெனில் நீக்கியே மீண்டும் படைக்க வேண்டும். சார்ந்த காட்சிகள் இருப்பின் நீக்கம் மறுக்கப்படும். ‘கேஸ்கேட்’ சேர்த்தால் அவையும் உடன் அழியும்.

ஆயினும் எல்லாச் சார்புகளையும் தரவுத்தளம் அறியாது. மேற்கோள் குறிக்குள் வெறும் உரையாக எழுதப்பட்ட செயற்கூற்றின் உடல் எவற்றை அழைக்கிறது என்பது பதிவாவதில்லை. எனவே நீக்கம் தடையின்றி நிகழும். பிழையோ பின்னர் அழைக்கும்போதுதான் வெளிப்படும். 2021இல் வந்த 14ஆம் பதிப்பு முதல், எஸ்கியூஎல் மொழியில் ‘பிகின் அட்டாமிக்’ வடிவில் எழுதப்படுபவற்றுக்குச் சார்பு பதிவாகிறது.

பிழைச்செய்தியே தராத நிலைதான் மிகவும் தீங்கானது. சீராக்கும் செயற்கூற்றைக் கொண்டு அமைத்த தேடல் அடைவு, அது திருத்தப்பட்டபின் தானே புதுப்பிக்கப்படுவதில்லை. பழைய பதிவுகள் பழைய வடிவிலேயே அடைவில் கிடக்க, தேடுசொல் புதிய வடிவில் அமைகிறது. கொம்பும் காலும் பிரித்துத் தட்டச்சிடப்பட்ட ‘கோயில்’ என்னும் தலைப்பு, நூல் அடுக்கில் இருந்தும், தேடலில் அகப்படாது. ஆய்வாளர் அந்நூலே இல்லையென முடிவு செய்ய நேரும்.

ஆதலின் மாற்றத்திற்குமுன் சார்ந்தவற்றைப் பட்டியலிடுதலும், நீக்கலையும் மறுபடைப்பையும் ஒரே பரிமாற்றத்துள் முடித்தலும், இறுதியில் ‘ரீஇன்டெக்ஸ்’ கட்டளையால் அடைவை மீளமைத்தலும் வேண்டும். இருவகையாகவும் தட்டச்சிட்ட தலைப்புகள் சிலவற்றைத் தேடிப்பார்த்த பின்னரே பணி நிறைவுற்றதாகக் கொள்ளலாம்.